நான்கு அறைக்கும் ஒரே தாளம்

என் அண்ணி ஒரு லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி வந்த புதிதில் இதை உறவினர்களுக்குப் புரிய வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. "லிஃப்டுக்குள்ள ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் அமுக்குற வேலையாம்மா?" என்று பெரியம்மா கேட்டார். "இல்ல பெரியம்மா, அமுக்கியும் வராத லிஃப்டை வர வைக்கிற வேலை" என்றாள் அண்ணி.

நாத்தனார் என்றால் குறை கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம். நானும் என் பங்குக்கு இரண்டு வருஷம் தேடினேன். துணி மடிக்கத் தெரியாது, வீடெல்லாம் ஸ்குரூ ஆணி என்று சில்லறைக் குறைகள்தான் அகப்பட்டன. அதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. இப்போது தேடுவதையே விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர். முப்பத்தாறு வருஷம் வயல், மேடு, பள்ளம் என்று நடந்தே அளந்தார். "நான் தேய்ச்ச செருப்பை அடுக்கினா ஒரு மாடி எழுப்பலாம்" என்பார். அப்படிப்பட்டவருக்கு ஓய்வு பெற்ற நாலாம் வருஷம் நடுக்குவாதம் வந்தது. கை நடுங்கியதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடுமை என்னவென்றால், கால் ஒட்டிக்கொள்ளும். திறந்த இடத்தில் மெதுவாக நடந்து வருவார். கதவு நிலை ஒன்று வந்துவிட்டால் போதும், இரண்டு பாதமும் பசை போட்டு ஒட்டியதுபோல நின்றுவிடும். உடம்பு முன்னே சாயும், கால் வராது.

"மூளை கையெழுத்துப் போட்டு அனுப்பிடுச்சு. கால் ஆபீஸ்லதான் பைல் தேங்கி நிக்குது" என்று அவரே சிரிப்பார். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

அம்மா இறந்து பல வருஷம் ஆகிறது. அண்ணன் சரக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஆக, அப்பாவை அன்றாடம் பார்த்துக்கொண்டது அண்ணிதான்.

ஒருநாள் காலை வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கால் கட்டை. துணி பிழியும்போது தரையில் டக் டக் டக் என்று ஒரே சீராக இடிக்கும். அப்பா தன் அறையிலிருந்து கிளம்பி, அறைக்கு வெளியிலுள்ள சின்ன நடையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள் வந்து நின்று தண்ணீர் கேட்டார். மூன்று கதவு நிலைகள். ஒன்றில்கூடக் கால் நிற்கவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் "பரவாயில்லையே, இன்னிக்கு நல்லா நடக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அண்ணி மெஷினை நிறுத்தினாள். "மாமா, இப்போ திரும்பிப் போங்க பார்ப்போம்" என்றாள். சமையலறை நிலையிலேயே கால் ஒட்டிக்கொண்டது. மறுபடி மெஷினை ஓடவிட்டாள். கால் கிளம்பியது.

வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "நிறைய பேருக்கு இப்படித்தான். உள்ள இருந்து வர வேண்டிய உத்தரவு வராதப்போ, வெளியில இருந்து ஒரு தாளம் கொடுத்தா கால் அதைப் பிடிச்சுக்கும். அவர் நடைக்குப் பொருந்துற பாட்டு வச்சுப் பாருங்க" என்றார்.

காதில் மாட்டும் கருவி அப்பாவுக்குச் சரிப்படவில்லை. ஏற்கெனவே காது மெஷின் வைத்திருக்கிறார். அதனால் சட்டைப் பையில் போனைப் போட்டு, அதில் பாட்டை ஓடவிட்டாள் அண்ணி. இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை காலை. கடையில் கூட்டமில்லை. சும்மா பேசலாம் என்று அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்போது அவர் நடைக்கும் கூடத்துக்கும் நடுவில், நிலையைத் தாண்டக் கால் எடுத்த நேரம். பாட்டு நின்றது, மணி அடித்தது. எடுத்த கால் அந்தரத்தில் நின்றது. விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதுகொண்டிருந்தேன். "என்னாலதான் அண்ணி" என்றேன்.

"உன் மேல என்ன தப்பு? போன்னா அடிக்கத்தான் செய்யும். பாட்டைக் கொண்டுபோய் அதுக்குள்ள வச்சேன் பாரு, அது என் தப்பு" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்ன பேச்சில்லை. பழுது எங்கே என்று அவள் நிஜமாகவே கண்டுபிடித்துவிட்டாள் என்று அந்தக் குரலில் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டை அவள் சுற்றி வந்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. லிஃப்டைச் சோதிக்க வந்த இடம்போல ஒவ்வொரு நிலையிலும் நின்றாள். கை தட்டிப் பார்த்தாள். எந்த மூலையில் சத்தம் மங்குகிறது என்று காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "பாட்டு அவர்கூடப் போகக் கூடாது. அவர் போற இடத்துல எல்லாம் அது முன்னாடியே இருக்கணும்."

வீடு முழுக்க ஒரே பாட்டு ஒலிக்கிற ஸ்பீக்கர்கள் கடையில் கிடைக்கும்தான். அண்ணன் போகிற வழியில் ஒரு கடையில் விசாரித்துவிட்டுப் போன் பண்ணினான். "விலையைக் கேட்டதும் எனக்கே கால் ஒட்டிக்கிச்சு" என்றான்.

"வேண்டாம் விடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றாள் அண்ணி.

அடுத்த இரண்டு வாரத்தில் அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்த சாமான்களைப் பார்த்து நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பழைய லிஃப்டுகளைக் கழற்றும்போது, 'கதவு மூடுகிறது' என்று அறிவிக்கிற ஸ்பீக்கர்களைத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். சூப்பர்வைசரிடம் கேட்டு நாலு வாங்கி வந்தாள். சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கணினி உண்டு, வெறும் பச்சை அட்டை, அதில் சில்லுகள், அவ்வளவுதான். யாரோ விளையாட்டாக வாங்கிச் சலித்துப்போன மூன்றை மலிவாகப் பிடித்தாள். நாலாவதாக, திரை விரிசல் விட்ட அவளுடைய பழைய போன். உள்ளங்கையில் அடங்கும் ஆம்ப்ளிஃபையர்கள். எல்லாவற்றுக்கும் தலைமைச் செயலகமாக, திரை செத்துப்போன அண்ணனின் மடிக்கணினி. பாட்டெல்லாம் அதில் இருக்கும்; வீட்டு வைஃபை வழியாக நாலு இடத்துக்கும் போகும்; அந்தந்த இடத்துக் குட்டிக் கணினி அதை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். இன்டர்நெட் போனாலும் பாட்டு நிற்காது, ஏனென்றால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிற கொடுக்கல் வாங்கல்.

இதெல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்த வேலை என்று நினைத்துவிட வேண்டாம். வயர், மோட்டார் தெரியும். கணினிக்குக் கட்டளை எழுதுவது தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஏதோ ஒரு கட்டடத்து மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து, ஒரு கையில் சோற்று டப்பாவும் மறுகையில் போனுமாகப் படித்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் கேள்வி எழுதிக் கேட்டாள். கேட்டது எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியில் தன் கையெழுத்தில் குறித்து வைத்தாள்.

ஸ்பீக்கர்களை, உடைந்த மேஜையின் இழுப்பறைப் பலகையில் பெட்டி செய்து, ஒவ்வொரு நிலைக்கும் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் மாட்டினாள். அப்பா மாவுக்கட்டுக் கையோடு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் ஸ்பீக்கர் கரகரத்ததும், "என்னம்மா, ரெண்டாவது மாடி வந்தாச்சா?" என்றார்.

முதல் சோதனை படுதோல்வி. நாலு அறையிலும் பாட்டு வந்தது, ஆனால் நாலும் நாலு பாதையில் போயிற்று. கூடத்தில் பல்லவி முடிவதற்குள் சமையலறையில் சரணம் ஆரம்பித்துவிட்டது. அப்பா நிலையில் வந்து நின்றார், முன்னால் ஒரு தாளம், பின்னால் ஒரு தாளம். "நாலு சர்வேயர் சேர்ந்து ஒரே வயலுக்கு நாலு அளவு சொல்ற மாதிரி இருக்கும்மா. எவன் பேச்சைக் கேட்கிறது?" என்றார். நாங்கள் இருவரும் தோளைப் பிடித்துத்தான் அவரை மறுபடி கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"போதும் அண்ணி. இருந்ததும் கெட்டுப் போகுது" என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அண்ணி கோபப்படவில்லை. "நாலும் தனித்தனியாப் பாடுது. யார் எப்போ ஆரம்பிக்கணும்னு சொல்ல ஆள் இல்ல" என்றாள்.

அந்த ஆளைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள். மடிக்கணினி முதலில் மற்ற நாலின் கடிகாரத்தையும் தன் கடிகாரத்தோடு சேர்த்து வைக்குமாம். பிறகு பாட்டைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, 'இந்தத் துண்டை இன்ன நொடிக்கு வாசி' என்று நேரம் குறித்து அனுப்புமாம். முன்கூட்டி வந்து சேர்ந்தவன் காத்திருப்பான், நேரம் வந்ததும் நாலு பேரும் ஒன்றாக வாய் திறப்பார்கள்.

ஒன்பதாம் நாள் கேட்டபோது எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது. அண்ணி தலையாட்டவில்லை. "நடையில ஒரு மயிரிழை பின்தங்குது. பழைய போன், மெதுவாத்தான் வேலை செய்யும்."

"எனக்குத் தெரியலையே அண்ணி."

"உனக்குத் தெரியாது. மாமா காலுக்குத் தெரியும்."

அதற்கப்புறம் அவள் செய்ததைப் பார்த்தபோதுதான் எனக்குள் இருந்த நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். நடைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள நிலையில், தரையில் தன் போனை வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டாள். இரண்டு பக்கத்து ஸ்பீக்கரிலும் குச்சியால் தட்டுகிற ஒற்றைச் சத்தத்தை ஒலிக்கவிட்டாள். பதிவைத் திரையில் விரித்துக் காட்டினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூர்மையான மலை. "இது கூடம். இது நடை. நடுவுல இருக்கிற பள்ளம்தான் நம்ம எதிரி."

நடை ஸ்பீக்கர் எவ்வளவு முந்தி வாசிக்க வேண்டும் என்கிற எண்ணை மாற்றினாள். மறுபடி தட்டல், மறுபடி பதிவு. பள்ளம் கொஞ்சம் குறுகியது. மறுபடி மாற்றினாள். இப்போது நடை முந்திக்கொண்டது. தரையில் மண்டியிட்டபடியே பதினேழு முறை செய்தாள், நான் எண்ணினேன். பதினெட்டாவது முறை திரையில் ஒரே ஒரு மலைதான் இருந்தது. கண்ணாடிக் கடையில் நான் தினமும் பார்க்கிற காட்சி அது. ஒவ்வொரு வில்லையாக மாற்றிக்கொண்டே வரும்போது, இரண்டாகத் தெரிந்த எழுத்து சட்டென்று ஒன்றாகும். அப்போது அந்த மனிதரின் முகத்தில் ஒரு அமைதி வரும். அண்ணியின் முகத்தில் அதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் வீடு அவளைச் சும்மா விடவில்லை. மைக்ரோவேவில் பால் சூடாக்கினால் சமையலறை ஸ்பீக்கர் இருமியது. மைக்ரோவேவும் வைஃபையும் ஒரே அலைவரிசையில் சண்டை போடுகின்றன என்று கண்டுபிடித்து, சமையலறைக்கு மட்டும் சுவரோரமாக வயர் இழுத்தாள். கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடுமே என்று ஒரு பேட்டரி சேர்த்தாள்.

பாட்டு பொறுக்குகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா நன்றாக நடக்கும்போது நிமிஷத்துக்குத் தொண்ணூற்று நாலு அடி வைக்கிறார் என்று அண்ணி எண்ணிச் சொல்லியிருந்தாள். கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் பாட்டைக் கேட்டு, மேஜையில் விரலால் தட்டி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். தொண்ணூற்று இரண்டிலிருந்து தொண்ணூற்று ஆறுக்குள் இருந்தால் எடுத்துக்கொள்வேன். நூற்று நாற்பது பாட்டுத் தேறியது. அப்பா அதில் முப்பதைத் தள்ளினார். "இது சோகப் பாட்டு. பாத்ரூம் போறதுக்கு எதுக்கும்மா சோகம்?"

கட்டுப் பிரித்துப் பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணனும் வந்திருந்தான். பிசியோதெரபிஸ்ட் அம்மா தன் விடுமுறையிலும் வந்திருந்தார். அண்ணி போனில் விரலை வைத்தாள். நாலு அறையிலும் ஒரே மேளம் எழுந்தது. எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை, வீடே வாசிப்பதுபோல இருந்தது.

அப்பா கட்டிலை விட்டு எழுந்தார். இரண்டு அடி இருந்த இடத்திலேயே தாளத்துக்கு மிதித்தார். பிறகு கிளம்பினார். அறை நிலை. தாண்டினார். நடை. கூடத்து நிலை, அவர் விழுந்த அதே இடம். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கூடத்தை அளந்துகொண்டே போனார். சமையலறை நிலையில் கால் தூக்கினார்.

பாட்டு முடிந்தது.

ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் வருகிற இரண்டு நொடி மௌனம். நாங்கள் யாரும் அதை நினைத்தே பார்க்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அப்பாவின் உடம்பு முன்னே சாய்ந்தது. அண்ணன் பாய்ந்து இடுப்பைப் பிடித்தான். அண்ணி இரண்டே எட்டில் போய்க் கதவு நிலையை உள்ளங்கையால் தட்டினாள், டக், டக், டக். அதே வேகம், மயிரிழை பிசகவில்லை. அப்பாவின் பாதம் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அதற்குள் அடுத்த பாட்டும் வந்துவிட்டது. போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அண்ணிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஒவ்வொரு அறையாப் பார்த்தேன். பாட்டுன்னா முடியும்ங்கிறதைப் பார்க்காம விட்டுட்டேனே மாமா."

"முடிஞ்சா என்னம்மா, நீ தட்டின இல்ல?" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. "நான் மூணு நிலையைத் தாண்டிட்டேன். அதைக் கணக்குல எழுது."

பிசியோதெரபிஸ்ட் அம்மா சுவரிலிருந்த ஸ்பீக்கர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அண்ணியின் டைரியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அண்ணனோ, தான் கழித்துக் கட்டிய மடிக்கணினியைப் பரண்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "என்கிட்ட இருந்தப்போ இது ஒரு படம்கூட ஒழுங்கா ஓட்டல" என்றான்.

அன்று மத்தியானமே அண்ணி அந்த மௌனத்தை அடைத்துவிட்டாள். ஒரு பாட்டு மங்கும்போதே அடுத்தது அதன்மேல் ஏறிக்கொள்ளும். இரண்டுக்கும் அடியில் மெல்லிய மேளத்தட்டு ஒன்று விடாமல் ஓடும்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. நோய் குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய். கை நடுக்கம் கூடியிருக்கிறது, மருந்தையும் ஒருமுறை கூட்டியாயிற்று. அடியும் மெதுவாகிவிட்டதால் தொண்ணூற்று நாலை எண்பத்தெட்டாக மாற்றி, நான் மறுபடி பாட்டு எண்ண வேண்டியிருந்தது. ஆனால் இந்த எட்டு மாதத்தில் அப்பா ஒரு நிலையிலும் விழவில்லை. காலையில் யாரையும் எழுப்பாமல் சமையலறைக்குப் போய்த் தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறார். பாதி டீ மேஜையில்தான் சிந்தியிருக்கும். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

போன வாரம் பிசியோதெரபிஸ்ட் அம்மா, தன்னிடம் வரும் ஒரு தையல்கார அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் இதே நோய், அவருக்கும் நிலையில்தான் கால் நிற்கிறது. செய்து தர முடியுமா என்று கேட்டார். அண்ணி உடனே ஒத்துக்கொண்டாள். "அந்தம்மாவுக்கு நான் பாட்டு பொறுக்கித் தரேன்" என்று அப்பா இப்போதே கிளம்பிவிட்டார்.

நேற்று சாயங்காலம் அண்ணி எனக்குப் போன் பண்ணினாள்.

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை உனக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"அந்தத் தையல்காரம்மா வீட்டுல ஏழு நிலை இருக்காம். மேல மாடி வேற. எண்ணித் தட்ட எனக்கு ஒரு ஆள் வேணும், வர்றியா?"

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றேன்.